ஊதிய மூச்சில் ஒளிந்திருந்த வாயு



2021ஆம் ஆண்டு மே மாதத்தில் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் ஒரு கருவிக்குத் தற்காலிக அனுமதி வழங்கியது. கோவிட் தொற்று இருக்கிறதா என்று அறிய மூக்கினுள் குச்சியை விட வேண்டியதில்லை. ஒரு குழலில் வாயை வைத்து ஊதினால் போதும். ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் விடை வந்துவிடும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து பிறந்த ஒரு நிறுவனம் அதனை உருவாக்கியிருந்தது. மலேசியாவிலிருந்து துவாஸ் சோதனைச் சாவடி வழியாக வருவோரிடம் அதைப் பரீட்சித்துப் பார்க்கவும் ஏற்பாடாயிற்று. தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இன்று அந்தப் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகும் பிள்ளைகள் நம்மில் பலருக்கு உண்டல்லவா? ஊதினால் நோய் தெரியுமா என்று அவர்களைக் கேட்ட தாய்மார்களும் இருந்திருப்பார்கள்.

அந்தக் கேள்வி மிகப் பழையது. அதற்கு மனிதன் விடை தேடிய வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். குறிப்பாக, நம் குழந்தைகளை இரவு நேரங்களில் உட்கார வைத்து வாட்டுகின்ற ஈளை, இழுப்பு என்று நாம் சொல்லும் ஆஸ்துமா நோயைப் பற்றி அவர்கள் ஊதும் மூச்சு என்ன சொல்கிறது என்பதைப் பார்ப்போம்.

கிரேக்க நாட்டு ஹிப்போகிரட்டிஸ் காலத்திலிருந்தே மருத்துவர்கள் நோயாளியின் மூச்சு வாடையைக் கவனித்து வந்திருக்கிறார்கள். நீரிழிவு முற்றியவரின் மூச்சில் கனிந்த பழத்தின் வாடை வரும். நுரையீரலில் சீழ்க்கட்டி உடையவரின் மூச்சில் அழுகல் நாற்றம் வீசும். கல்லீரல் கெட்டுப் போனவருக்கு வேறொரு வாடை. இவையெல்லாம் உண்மைதான். ஆனால் மூக்கு என்பது தராசு ஆகாது. ஒருவர் மூக்குக்குத் தெரிவது மற்றொருவர் மூக்குக்குத் தெரியாது. நேற்றைக்கு இன்று எவ்வளவு கூடியிருக்கிறது என்று அது கணக்குச் சொல்லவும் சொல்லாது. வாடையே இல்லாத வாயுக்களைப் பற்றியோ அதற்கு ஒன்றுமே தெரியாது.

மூச்சுக் காற்றில் இருப்பதை முதலில் கண்ணுக்குக் காட்டியவர் ஸ்காட்லாந்து நாட்டு ஜோசப் பிளாக். 1750களில் அவர் சுண்ணாம்புத் தெளிநீரில் மூச்சை ஊதினார். தெளிந்த நீர் பால்போல் வெளுத்தது. இச்சோதனையை வெற்றிலைச் சுண்ணாம்பைக் கொண்டே வகுப்பில் செய்து காட்டலாம். சிறிதளவு சுண்ணாம்பை ஒரு போத்தல் நீரில் கலக்கி, இரவு முழுவதும் அசைக்காமல் வைத்து, மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும் கண்ணாடிக் குவளையில் இறுத்து, உறிஞ்சுகுழலால் ஊதினால் சிறிது நேரத்தில் வெண்மை படரும். பிள்ளைகள் மறந்தும் உறிஞ்சிவிடாமல் பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். சுண்ணாம்பு நீர் வாயைப் புண்ணாக்கிவிடும். நீரை வெளுக்கச் செய்வது கரியமிலவாயு. நாம் உள்ளே இழுக்கும் காற்றின் 100 பங்கில் 21 பங்கு பிராணவாயு. வெளியே விடும் காற்றில் அது ஏறக்குறைய 16 பங்காகக் குறைந்து, கரியமிலவாயு சுமார் 4 பங்கு சேர்ந்திருக்கும்.

பிளாக்குக்குப் பின் வந்தவர் இங்கிலாந்துப் பாதிரியார் ஜோசப் பிரீஸ்ட்லி. இவரை நம் மக்கள் தனியாக நினைவில் வைத்துக்கொள்ளலாம். பென்சில் எழுத்தை அழிக்க உதவும் ஒரு பொருளைப் பற்றி 1770இல் தம் நூலொன்றில் குறிப்பெழுதியவர் இவரே. தேய்த்து அழிப்பதனால்தான் அப்பொருளுக்கு ஆங்கிலத்தில் 'ரப்பர்' என்னும் பெயர் நிலைத்தது. நம் பாட்டன்மார்கள் கடல் கடந்து வந்து பால் வெட்டிய மரத்தின் பெயருக்கு அதுவே மூலம்.

அந்த பிரீஸ்ட்லி 1772இல் ஒரு புதிய வாயுவின் தன்மையை ஆராய்ந்து எழுதினார். செம்பு போன்ற உலோகங்களின் மேல் நைட்ரிக் அமிலத்தை ஊற்றினால் வெளிவரும் வாயு அது. இன்று அதனை நைட்ரிக் ஆக்சைடு என்கிறோம். நிறமற்ற அந்த வாயு பிராணவாயுவோடு கலந்தவுடன் செம்பழுப்பு ஆவியாக மாறும். அந்த ஆவி நீரில் கரைந்துவிடும். ஆகவே ஒரு குழாயில் நீரின் மேல் காற்றை நிறுத்தி, அதனுடன் இந்த வாயுவைக் கலந்தால் மொத்தக் காற்றின் அளவு சுருங்கும். நல்ல காற்று மிகுதியாகச் சுருங்கும். எலி சுவாசித்துக் கழித்த காற்று குறைவாகவே சுருங்கும். ஒரு காற்று சுவாசிக்கத் தகுந்ததா என்று அறிய எலியை அடைத்து வைத்துக் கொல்ல வேண்டிய தேவை இதனால் குறைந்தது. காற்றின் நலத்தை எண்ணால் சொல்லும் முதல் முறை என்று இதனைச் சொல்லலாம். நேயர்கள் இந்த நைட்ரிக் ஆக்சைடின் பெயரை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காற்றைச் சோதிக்க பிரீஸ்ட்லி பயன்படுத்திய வாயு நம்முடைய மூச்சிலேயே இருக்கிறது என்பது, அதற்குப் பின் 219 ஆண்டுகள் கழித்துத்தான் தெரிய வந்தது.

அது இருக்கும் என்று ஒருவரும் நினைக்காததற்குக் காரணமும் உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஹம்ஃப்ரி டேவி என்ற இளைஞர் 1800ஆம் ஆண்டையொட்டி இந்த வாயுவைச் சுவாசித்துப் பார்க்கத் துணிந்தார். வாயிலும் தொண்டையிலும் அது அமிலமாக மாறி எரித்தது. அவர் உயிர் தப்பியது பெரிய காரியம். அத்தகைய நச்சு வாயுவை உடம்பே செய்துகொள்ளும் என்று எவருக்குத்தான் தோன்றும்?

பிரான்சில் லவாய்சியர் இதே காலத்தில் மூச்சு விடுதல் என்பது மெதுவாக நடைபெறும் ஓர் எரிதலே என்று நிலைநாட்டினார். செகன் என்னும் தம் உதவியாளருக்கு முகமூடி அணிவித்து, அவர் உடல் உழைக்கும்போது எவ்வளவு பிராணவாயு செலவாகிறது என்று அளந்தார். அந்தக் காட்சியை அவருடைய மனைவியார் படமாக வரைந்து வைத்திருக்கிறார். 1794 மே 8ஆம் நாள் புரட்சி அரசாங்கம் லவாய்சியரின் தலையை வெட்டியது. இல்லையேல் மூச்சைப் பற்றிய அறிவு இன்னும் வேகமாக வளர்ந்திருக்கக்கூடும் என்பது என் எண்ணம்.

அடுத்த நூற்றாண்டில் மருத்துவர்கள் மூச்சின் தன்மையை விட்டுவிட்டு அதன் அளவைப் பிடித்துக்கொண்டார்கள். 1846இல் லண்டன் மருத்துவர் ஜான் ஹட்சின்சன், நீரில் கவிழ்த்து மிதக்கவிட்ட மணி போன்ற பாத்திரத்துடன் ஒரு கருவி செய்தார். மூச்சை முழுவதும் இழுத்துக் குழாயில் ஊதினால் பாத்திரம் மேலே எழும்பும். எழும்பிய உயரம் நுரையீரலின் கொள்ளளவைச் சொல்லும். கப்பலோட்டிகள், போர்வீரர்கள், தீயணைப்போர், மற்போர் செய்வோர் என இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களை அவர் ஊதச் செய்து கணக்கெடுத்தார். காசநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம், ஆயுள் காப்புறுதிக்காரர்களுக்கும் உதவும் என்பது அவர் நம்பிக்கை. அவர் காலத்தில் அது பெரிதாக எடுபடவில்லை. 1852இல் ஆஸ்திரேலியாவுக்குப் போனார். 1861இல் ஃபிஜித் தீவில் இறந்தார். இன்று மருத்துவமனைகளில் மூச்சளவு எடுக்கும் கருவி அவருடைய கருவியின் பேரப்பிள்ளையே. பிள்ளைகள் கையில் பிடித்து ஒரே மூச்சில் ஊதி முள் நகர்வதைப் பார்க்கும் சிறு குழாயும் அந்த வழியில் வந்ததுதான்.

மூச்சில் என்ன இருக்கிறது என்ற ஆராய்ச்சி மீண்டும் தலையெடுத்தது, வேடிக்கையாக, குடிகாரர்களால். 1954இல் அமெரிக்காவில் இந்தியானா மாநிலக் காவல்துறையில் பணியாற்றிய போர்க்கென்ஸ்டைன் என்பவர், வண்டி ஓட்டுபவரின் மூச்சிலிருந்து மதுவின் அளவைச் சொல்லும் கருவியைச் செய்தார். நம் நாட்டுச் சாலைகளிலும் காவலர்கள் ஊதச் சொல்வது அந்த முறையில்தான். பிறகு 1971இல் லைனஸ் பாலிங் என்ற அறிஞர் ஒரு புதுமை செய்தார். வேதியியலுக்கும் அமைதிக்குமாக இரண்டு நோபல் பரிசுகளைப் பெற்றவர் அவர். மிகவும் குளிரவைத்த உலோகக் குழாயின் வழியே ஒருவரைச் சுவாசிக்கச் செய்து, மூச்சிலுள்ள ஆவிகளை உறைய வைத்தார். பின்பு குழாயைச் சூடாக்கி, எழுந்த ஆவிகளை ஒன்றொன்றாகப் பிரித்தார். ஏறக்குறைய 250 வகைப் பொருள்கள் தென்பட்டன. வெறும் கரியமிலவாயும் நீராவியும் என்று எண்ணியிருந்த உலகம் வியந்தது.

இந்த 250இல் எது எந்த நோயின் அடையாளம் என்று தேடும் வேலை அன்றிலிருந்து நடக்கிறது. 1999இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூச்சிலுள்ள 22 பொருள்களின் சேர்க்கையைக் கொண்டு நுரையீரல் புற்றுநோயைக் கண்டறிய முடியும் என்று எழுதினார்கள். ஆவலோடு வரவேற்கப்பட்ட செய்தி அது. ஆனால் பின்னர் வேறு குழுவினர் தந்த பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்து வரவில்லை. அறையின் காற்று, காலையில் தின்ற உணவு, புகைத்த சிகரெட்டு, மூச்சைப் பிடித்து வைத்த பையின் வாடை, இவையெல்லாம் மூச்சோடு சேர்ந்து வந்து குழப்பின. மூச்சைக் குளிர வைத்துத் துளித்துளியாக நீராக்கிச் சோதித்தும் பார்த்தார்கள். அதிலும் பெரும்பகுதி வெறும் நீரே. வேண்டிய பொருள் மிகமிகச் சிறிது. புற்றுநோய் விஷயத்தில் மூச்சுச் சோதனை இன்றும் ஆய்வுக்கூடத்தின் வாசலைத் தாண்டி வழக்கமான மருத்துவத்துக்குள் வரவில்லை.

நுரையீரலைப் பொறுத்தவரை, நூற்றுக்கணக்கான பொருள்களைத் துரத்தியவர்களை முந்திக்கொண்டு மருத்துவரின் மேசைக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு வாயு. அது ஏன் அவ்வளவு தேவைப்பட்டது என்பதை விளக்க, ஆஸ்துமாவின் சோகக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஆஸ்துமாவில் மூச்சுக் குழாய் இரண்டு விதமாக அடைபடுகிறது. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுவது ஒன்று. குழாயின் உட்புறம் புண்பட்டது போலச் சிவந்து தடித்து, சளி கட்டிக்கொள்வது மற்றொன்று. ரப்பர் குழாயை வெளியிலிருந்து கையால் நெருக்குவதும், அதன் உள்ளே பாசி படிந்து தடித்துப் போவதும் வெவ்வேறு அல்லவா? தசையைத் தளர்த்தும் மருந்தை உறிஞ்சினால் சில நிமிடங்களில் மூச்சு எளிதாகும். பிள்ளை எழுந்து ஓடும். நோய் போய்விட்டது என்று வீட்டார் நினைப்பார்கள். உள்ளே தடிப்பு அப்படியே இருக்கும்.

இந்த மயக்கம் உலகத்துக்குப் பெரும் விலையாக முடிந்தது. 1960களில் இங்கிலாந்து முதலிய சில நாடுகளில், தசை தளர்த்தும் மருந்தொன்றைக் கைக்கு அடக்கமான இன்ஹேலரில் மிகுந்த வலுவோடு விற்றார்கள். அந்த ஆண்டுகளில் ஆஸ்துமாவால் இறந்தோர் தொகை, அதிலும் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடையே, பன்மடங்கு உயர்ந்தது. 1967இல் மருத்துவர்கள் எச்சரிக்கப்பட்டனர், மறு ஆண்டு கடைகளில் தாராளமாக விற்பது நிறுத்தப்பட்டது, மரணங்கள் குறைந்தன. 1976இல் நியூசிலாந்தில் அதே துயரம் திரும்பவும் தொடங்கியது. ஃபெனோடெரால் என்ற மற்றொரு மருந்தின்மேல் சந்தேகம் விழுந்து, 1989இல் ஆய்வு வெளிவந்து, அதன் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்ட பிறகே எண்ணிக்கை இறங்கிற்று. மருந்தின் நச்சா, அல்லது உடனடிச் சுகத்தை நம்பிப் பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தாமதித்ததா என்று வல்லுநர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

உட்புறத் தடிப்பை ஆற்றும் உறிஞ்சு ஸ்டீராய்டு மருந்து 1972இலேயே வந்துவிட்டது. ஆனால் யாருக்கு உள்ளே தடிப்பு இருக்கிறது, யாருக்கு மருந்து போதும், யாருக்குப் போதாது என்று எப்படி அறிவது? குழாயை நுரையீரலுக்குள் விட்டுச் சதையைக் கிள்ளி எடுத்துப் பார்க்கலாம். ஏழு வயதுப் பிள்ளைக்கு மாதந்தோறும் அதைச் செய்ய முடியுமா? ஹட்சின்சன் வழிவந்த கருவியோ குழாய் எவ்வளவு குறுகியிருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். எதனால் குறுகியது என்று சொல்லாது.

விடை, நுரையீரலோடு சம்பந்தமில்லாத திசையிலிருந்து வந்தது. இரத்தக் குழாய்களைத் தளரச் செய்யும் ஏதோ ஒரு பொருளை உடம்பே சுரக்கிறது என்று 1980இல் அமெரிக்கர் ஃபர்ச்காட் கண்டார். அது என்ன பொருள் என்று ஏழு ஆண்டுகள் தேடினார்கள். 1987இல் விடை கிடைத்தது: நைட்ரிக் ஆக்சைடு! பிரீஸ்ட்லியின் வாயு, டேவியின் வாயைச் சுட்ட வாயு, வாகனப் புகையில் வரும் நச்சு. 1998இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் இதற்காக நோபல் பரிசு கிடைத்தது. இதிலே ஒரு விந்தை உண்டு. வெடிமருந்து செய்த ஆல்ஃபிரட் நோபலுக்கு நெஞ்சுவலி வந்தபோது, மருத்துவர்கள் அவருக்கு எழுதிக் கொடுத்தது அதே நைட்ரோகிளிசரின்தான். அது வேலை செய்வது நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுவதால். அவர் பெயரால் அமைந்த பரிசு ஒரு நூற்றாண்டு கழித்து அந்தக் காரணத்தைக் கண்டவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. லண்டனுக்கு அருகில் இதே உண்மையை நிறுவிய மொன்காடா என்பவருக்கு அந்தப் பரிசில் பங்கு கிடைக்காதது பற்றி அப்போதே பலர் வருந்தினார்கள்.

மொன்காடாவோடு சேர்ந்து உழைத்த சுவீடன் நாட்டு குஸ்டாஃப்சன், இந்த வாயு மூச்சிலும் வருமோ என்று பார்க்க விரும்பினார். வாகனப் புகையையும் நகரத்துக் காற்றையும் சோதிக்கப் பயன்படும் வகைக் கருவி அதற்கு உதவியது. நைட்ரிக் ஆக்சைடு ஓசோனோடு கூடினால் மிக மங்கிய ஒளி உண்டாகும். அந்த ஒளியை அளந்து வாயுவின் அளவைச் சொல்லலாம். 1991இல் முயல், கினிப்பன்றி, மனிதன் ஆகிய மூன்றின் மூச்சிலும் அது இருப்பதாக அவருடைய குழு அறிவித்தது. எவ்வளவு என்கிறீர்கள்? 100 கோடிப் பங்கில் சில பத்துப் பங்கு! அவ்வளவு சிறிய அளவை எந்த மூக்கு கண்டுபிடிக்கும்?

இரண்டே ஆண்டுகளில், 1993இல், ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிலையத்தில் ஆல்விங், வைட்ஸ்பெர்க், லுண்ட்பெர்க் என்னும் மூவர் ஆஸ்துமா உள்ளவர்களை ஊதச் செய்தார்கள். அவர்கள் மூச்சில் அந்த வாயு மிகுதியாக இருந்தது. மறு ஆண்டு லண்டனில் காரிட்டோனோவ், பார்ன்ஸ் ஆகியோரும் அதையே கண்டார்கள். அத்துடன் உறிஞ்சு ஸ்டீராய்டு எடுத்துவந்த நோயாளிகளிடம் அளவு குறைந்திருந்ததையும் கண்டார்கள். காரணம் பின்னர் தெளிவாயிற்று. ஒவ்வாமையால் மூச்சுக் குழாயின் உட்தோல் தடிக்கும்போது, அங்குள்ள அணுக்கள் ஒரு நொதியை மிகுதியாகச் செய்கின்றன. அந்த நொதி இந்த வாயுவை உண்டாக்குகிறது. ஸ்டீராய்டு தடிப்பை ஆற்றும்போது நொதியும் அடங்குகிறது. கண்ணால் காண முடியாத தடிப்பு, வெளியே வரும் காற்றில் தன் செய்தியை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தது.

ஆனால் உடனே ஒரு சிக்கல் எழுந்தது. நுரையீரலைக் காட்டிலும் மூக்கும் அதைச் சுற்றிய எலும்புக் குழிகளும் இந்த வாயுவைப் பன்மடங்கு சுரக்கின்றன. மூக்குக் காற்று கலந்தால் கணக்கு பாழ். மேலும் வேகமாக ஊதினால் எண் இறங்கும். மெதுவாக ஊதினால் ஏறும். சாயப்பட்டறை வாய்க்காலில் நீர் மெதுவாக ஓடும்போது நிறம் அடர்ந்தும், வேகமாக ஓடும்போது வெளிறியும் தோன்றுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே ஒவ்வொரு மருத்துவமனையும் ஒவ்வோர் எண்ணைச் சொல்லிற்று. 2005இல் அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் மருத்துவர் சங்கங்கள் சேர்ந்து ஒரே முறையை வகுத்தன. சிறு தடையை எதிர்த்து ஊத வேண்டும். அப்போது உள்நாக்குப் பகுதி மேலெழுந்து மூக்கின் வழியை அடைத்துவிடும். விநாடிக்கு 50 மில்லிலிட்டர் என்ற ஒரே சீரான வேகம் வேண்டும். நாதசுரக்காரர் ஒரே சுரத்தைப் பிடித்து நிற்பது போல ஆறு முதல் பத்து விநாடி வரை ஊத வேண்டும். பலத்தால் ஊதும் சோதனை அன்று இது. பிடித்து ஊதும் சோதனை. வலுவில்லாத பிள்ளைகளுக்கும் முடியும்.

இதற்கிடையில், 2003இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இத்தகைய கருவி ஒன்றுக்கு முதன்முறையாக இசைவு தந்திருந்தது. 2011இல் அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் எண்களுக்கு எல்லை கட்டியது. பெரியவர்களுக்கு 100 கோடியில் 25க்குக் கீழே என்றால் ஒவ்வாமைத் தடிப்பு இருப்பது ஐயம். 50க்கு மேலே என்றால் இருக்கிறது, ஸ்டீராய்டு பெரும்பாலும் பயன் தரும். 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு இந்த எல்லைகள் 20, 35. இடைப்பட்ட எண்களை மருத்துவர் மற்ற அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் 2024இல் வெளியான வழிகாட்டியோ, அறிகுறியுள்ள பெரியவரிடம் 50ஐத் தொட்டாலே ஆஸ்துமா என உறுதி செய்யலாம் என்கிறது.

இதனால் எல்லாம் தீர்ந்ததா என்றால் இல்லை. 2005இல் நியூசிலாந்து ஆய்வொன்று, இந்த எண்ணைப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைத்தால் குறைந்த ஸ்டீராய்டிலேயே நோயாளிகளை நலமாக வைத்திருக்கலாம் என்றது. 2008இல் அமெரிக்க நகர்ப்புறத்து இளைஞர்களிடம் செய்த ஆய்வோ, இந்த எண்ணைச் சேர்த்துப் பார்த்ததால் ஸ்டீராய்டு கூடியதே தவிர, நலத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்றது. அங்கே ஒப்பிடப்பட்டவர்களுக்கு முன்பே நல்ல கவனிப்புக் கிடைத்திருந்தது என்பதையும் நாம் பார்க்க வேண்டும். கவனிப்பு சரியாக உள்ள இடத்தில் கருவியால் கிடைக்கும் மேல்வருமானம் குறைவு, இது நியாயந்தானே.

எண்ணை ஏமாற்றும் காரியங்களும் சில உண்டு. புகைபிடிப்பவருக்கு அது குறைந்து காட்டும். சளிக்காய்ச்சல் உள்ளபோது கூடிக் காட்டும். பசலை, பீட்ரூட் போன்றவற்றைத் தின்றுவிட்டு ஊதினாலும் கூடும். ஆதலால் சோதனைக்கு முன் என்ன உண்டோம் என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மூக்கு ஒவ்வாமை மட்டும் உள்ளவரிடமும் எண் உயர்ந்திருக்கலாம். எண் குறைவாக இருக்கும் ஆஸ்துமாவும் உண்டு. காசநோயை இது காட்டவே காட்டாது; வாரக்கணக்கில் விடாத இருமலுக்குச் சளிச் சோதனையும் எக்ஸ்ரேயுமே வேண்டும். பீடி, சிகரெட்டால் வரும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கும் இதன் உதவி மிகக் குறைவு. அதற்கு இன்றும் ஹட்சின்சன் வழிதான்.

எல்லா மருத்துவ நிலையங்களிலும் இந்தக் கருவி கிடையாது. எனினும் இது கற்பித்த பாடம் கருவி இல்லாத இடத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. உலக அளவில் ஆஸ்துமாவுக்கு நெறி வகுக்கும் அமைப்பு, தசை தளர்த்தும் இன்ஹேலரை மட்டும் தனியே நம்பிப் பெரியவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் மருத்துவம் செய்யக்கூடாது என்று 2019இல் அறிவித்தது. தடிப்பை ஆற்றும் மருந்தும் உடன் இருக்க வேண்டும் என்பது அதன் கட்டளை.

தாய்மார்கள் பலர் என்னிடம் கேட்பது, "சார், அந்த மருந்தைத் தினமும் இழுத்தால் பழக்கமாகிவிடாதா?" என்பதே. இந்த அச்சத்தினால் பல வீடுகளில் அம்மருந்து அலமாரியிலேயே கிடக்கிறது. பிள்ளைகளும், கேட்டால், எடுத்தேன் என்று சொல்லிவிடுவார்கள். இவ்விடத்தில் மூச்சுச் சோதனை ஓர் அரிய உதவி செய்கிறது. மருந்து கொடுத்தும் எண் இறங்கவில்லை என்றால், மருத்துவர் மேலும் வலுவான மருந்துக்குத் தாவுவதற்கு முன், ஒரு வாரம் பெரியவர் ஒருவர் கண்முன்னே பிள்ளையை அதே மருந்தை முறையாக உறிஞ்சச் செய்து, மீண்டும் ஊதச் சொல்வார். 60 இருந்த எண் 30க்கு இறங்கி வந்தால், மருந்தில் குறை இல்லை, இதுவரை அது நுரையீரலுக்குப் போய்ச் சேரவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். பிள்ளையைத் திட்ட வேண்டிய அவசியம்கூட இல்லை. இன்ஹேலரை எப்படிப் பிடிப்பது, எப்போது இழுப்பது, இழுத்தபின் எப்படி வாய் கொப்பளிப்பது என்று மறுபடியும் சொல்லிக் கொடுத்து, பழைய மருந்தோடே வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.